ஆட்டம் இல்லாத மாதங்களுக்குத்தான் இந்தச் சந்தா

போன வருடம் செப்டம்பர் முதல் வாரத்தில், என்எஃப்எல் என்கிற அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்க ஒரு வருடச் சந்தா கட்டினேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன், எதற்கு வம்பு. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு எங்கேயோ அட்லாண்டாவில் இருக்கிற ஒரு அணிக்காக இவ்வளவு காசா என்று மனைவி கேட்டாள். அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் சொன்னால் இன்னும் கோபப்படுவாள்: ஆட்டம் நடந்த மாதங்களைவிட, ஆட்டமே நடக்காத இந்த ஆஃப்சீசனில்தான் சந்தாவை அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலில் நேரலையைச் சொல்லிவிடுகிறேன். நேரம் நமக்குப் பரவாயில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் இங்கே இரவு ஏழுக்கு வரும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் எட்டு. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் மட்டும் திங்கள் அதிகாலை ஒன்றரைக்கு, அன்றைக்கு எல்லாரும் ஆபீசில் பொய் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். படம் தெளிவு, ஃபைபர் ஒழுங்காக இருந்தால் நிற்பதில்லை. ஆனால் உண்மையான ஆட்டத்துக்கு முக்கால் நிமிடம் பின்னால் ஓடுகிறது. பீனிக்ஸில் இருக்கிற நண்பர் வேறு வழியில் பார்க்கிறவர், டச்டவுன் என்று வாட்ஸ்ஆப்பில் கத்திவிடுவார், என் திரையில் அப்போதுதான் பந்தையே எடுத்திருப்பார்கள். இதைவிடக் கொடுமை, அடுத்த நாள் காலையில் மறுபடி பார்க்கலாம் என்று செயலியைத் திறந்தால் முகப்பிலேயே முடிவைப் பெரிய எழுத்தில் போட்டுவைத்திருப்பார்கள். முடிவை மறைக்கும் வசதி இருக்கிறது என்றார்கள், வைத்தேன், அட்டவணையில் மறைந்தது, முகப்புப் படத்தில் மறையவில்லை. வாடிக்கையாளர் சேவையில் அரட்டைப் பொட்டி ஒன்றுதான் பேசுகிறது, அது என்னிடம் மூன்று தடவை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. நேரலைக்கு மட்டும் என்றால் நான் இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சந்தாவுக்குள் ஒரு மூலையில், மூன்று தடவை உள்ளே போய்த் தேடினால்தான் கிடைக்கிற இடத்தில், பயிற்சியாளர்கள் பார்க்கிற படம் என்று ஒன்று இருக்கிறது. வர்ணனை கிடையாது, கூட்டச் சத்தம் கிடையாது, ஊமைப்படம். ஒவ்வொரு ஆட்டத்துண்டும், அதாவது பந்தை எடுத்ததிலிருந்து ஆட்டம் நிற்கிற வரை, இரண்டு கோணத்தில் வரும். ஒன்று மைதானத்தின் பக்கவாட்டில் மேலேயிருந்து, இருபத்திரண்டு பேரும் தெரிகிற மாதிரி. இன்னொன்று கோல்கம்பத்துப் பக்கமிருந்து, இரண்டு அணியின் வரிசையும் நேருக்கு நேர் மோதுவது தெரிகிற மாதிரி. டிவியில் கேமரா பந்தைத் துரத்திக்கொண்டே ஓடுமா, வரிசையில் யார் யாரைத் தள்ளினார் என்பது தெரியவே தெரியாது. இங்கே அது மட்டும்தான் தெரிகிறது.

நான் அட்லாண்டா ஃபால்கன்ஸ் ஆள். 2016-ல் கம்பெனி என்னை எட்டு மாதம் அட்லாண்டாவுக்கு அனுப்பியபோது பிடித்துக்கொண்ட வியாதி. அந்தப் பருவத்தில் விக் பீஸ்லி 15.5 சாக் எடுத்து லீகிலேயே முதலிடம் வந்தார். தெரியாதவர்களுக்கு: பந்தை எறியத் தயாராகிற குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே பிடித்துச் சாய்த்தால் சாக். அதற்காகப் பாய்கிற கூட்டத்தின் வேலைக்குப் பெயர் பாஸ் ரஷ். (சாட்ஸ்வொர்த்தில் குவார்ட்டர் என்றால் கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி ஊற்றிக் கொடுக்கிற பன்னி சவ் (bunny chow) என்கிற சாப்பாடு, ஊரில் குவார்ட்டர் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால் என் வீட்டில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்.) அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்று இந்த ஆட்டம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். சூப்பர் பவுலில் 28-3 என்று முன்னால் இருந்து, கடைசியில் 34-28 என்று பேட்ரியட்ஸிடம் தோற்றோம். அப்போது அங்கே என் வீட்டுக்குக் கீழே இருந்தவர் ஜெயித்தாயிற்று என்று கேக்கையே வெட்டிவிட்டார், அப்புறம் யாரும் அதைச் சாப்பிடவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அந்த ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் இத்தனை நாள் நினைத்தது, பாஸ் ரஷ் இல்லாமல் தோற்றோம் என்று. அப்படி இல்லை. பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து தடவை சாய்த்திருக்கிறோம், அதில் மூன்று கிரேடி ஜாரட், வரிசையின் நடுவில் விளையாடுகிறவர். ஆனால் பேட்ரியட்ஸ் அன்றைக்கு 93 ஆட்டத்துண்டு ஆடினார்கள், நாம் 46. நம் பந்து அடிக்கடி சீக்கிரம் பறிபோக, தற்காப்பு வரிசை திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் வந்தது. கடைசிப் பகுதியில் பார்த்தால் ஆட்கள் பாயவில்லை, சாய்ந்து நிற்கிறார்கள். இடுப்பில் கை. மூச்சு போய்விட்டது.

இதை நான் கீழ்வீட்டுத் தாத்தாவிடம் காட்டினேன். வீட்டுக்காரர், எண்பது தாண்டியவர், தமிழ் அரைகுறையாகத்தான் வரும் ஆனால் விடமாட்டார், ரக்பி என்றால் உயிர். "தம்பி, இவங்க ஏன் ஒரு தடவை ஓடி, ஒரு நிமிஷம் நின்னு பேசுறாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பவர், இந்தத் துண்டைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "பெஞ்ச்." எங்கள் தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஸ்பிரிங்பாக்ஸ் 2023 உலகக் கோப்பை இறுதியில் மாற்று ஆட்கள் எட்டு பேரில் ஏழு பேரை முன்வரிசைக் கூட்டத்துக்கே வைத்துக்கொண்டு போய் நியூசிலாந்தை 12-11 என்று ஜெயித்தார்களே, அந்த பாம் ஸ்க்வாட் கணக்குத்தான். எண்பது நிமிடமும் அதே ஆட்களைத் தள்ளவிடாதே, பாதியில் புது ஆட்களை இறக்கு. அமெரிக்கக் கால்பந்தில் இது இன்னும் சுலபம், ஒவ்வொரு துண்டுக்கும் ஆளை மாற்றலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். அப்படியிருந்தும் பல அணிகள் ஒரு நட்சத்திரத்துக்கே பணத்தையெல்லாம் கொட்டுகின்றன.

பீனிக்ஸ் நண்பர் கட்சி வேறு. ஒரு ராஜா வேண்டும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார். அவர் டல்லஸ் கவ்பாய்ஸ் ரசிகர், 2025 ஆகஸ்டில் பாஸ் ரஷ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே அணிக்கு விற்றதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறார். நான் அதே கதையைக் கிரீன் பே பக்கமிருந்து சொல்வேன். அவருக்காகக் கொடுத்தது டிராஃப்டில் (கல்லூரி ஆட்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற நிகழ்ச்சி) இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே கென்னி கிளார்க் என்ற நல்ல நடுவரிசை ஆள், அப்புறம் நான்கு வருடத்துக்கு 188 மில்லியன் டாலர். ஆள் அருமையான ஆள்தான், 12.5 சாக் எடுத்தார், டிசம்பரில் முழங்கால் போயிற்று, அத்தோடு முடிந்தது. ஒரு முழங்காலை நம்பி வீடு கட்டக்கூடாது என்று எழுதினேன், நண்பர் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஏனென்றால் ஆளே இல்லாமலும் நாங்கள் இருந்து பார்த்துவிட்டோம். 2021-ல் ஃபால்கன்ஸ் அணி மொத்தமும் சேர்ந்து 18 சாக். அதே வருடம் பிட்ஸ்பர்க் அணியின் டி.ஜே. வாட் ஒருவரே 22.5. 2024-ல் முதல் சுற்றில் எட்டாவது தேர்வு கையில் இருந்தது, தற்காப்பு ஆட்கள் ஒருத்தரும் அதுவரை போகவில்லை, யாரை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். மார்ச்சில்தான் கர்க் கசின்ஸுக்கு 180 மில்லியன் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், ஏப்ரலில் இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் 31 சாக், லீகில் கடைசிக்கு முந்தின இடம்.

சாக் கணக்கை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதும் ஆபத்து என்று இந்தப் படங்கள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 2017-ல் ஏட்ரியன் கிளேபோர்ன் 9.5 சாக் எடுத்தார், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஆறு ஒரே ஆட்டத்தில், டல்லஸுக்கு எதிராக, அவர்களுடைய வழக்கமான இடது டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கிற ஓரத்து ஆள்) இல்லாத நாளில். நூறு தடவை எறிய முயன்றால் சாக் ஆவது ஆறேழுதான். மீதியில் பல தடவை நடப்பது நெருக்கடி: கை அவசரப்படுவது, கால் நகர்வது, பந்து அரை அடி தள்ளிப்போவது. அதற்குக் கணக்குப் பலகையில் இடமில்லை, படத்தில் இருக்கிறது.

படத்தில் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான். 2024 ஃபால்கன்ஸில் ஓரத்திலிருந்து பாய்கிறவர்கள் நிறைய நேரம் தங்கள் ஆளைத் தாண்டித்தான் போகிறார்கள். வளைந்து, தோளைத் தாழ்த்தி, அழகாகச் சுற்றி வருகிறார்கள். ஆனால் நடுவில் யாரும் தள்ளவில்லை. குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னால் வைத்தால் போதும், ஓரத்து ஆள் அவர் முதுகுக்குப் பின்னால் ரயில் மாதிரி ஓடிப்போய்விடுகிறார். எறிய அவருக்குத் தேவை இரண்டரை, மூன்று வினாடி, அந்த இரண்டடி அதைக் கொடுத்துவிடுகிறது. நடுவில் ஒருவர் கார்டை (எதிரணி வரிசையின் நடுவில் நின்று காக்கிறவர்) அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அந்த இரண்டடி இல்லை, அப்புறம் ஓரத்து ஆள் சாதாரணமாக ஓடினாலே பிடித்துவிடலாம். 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் அணி ஆட்கள் கான்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மகோம்ஸை ஆறு தடவை சாய்த்தார்களே, ஒரு தடவைகூட பிளிட்ஸ், அதாவது கூடுதல் ஆளை அனுப்புவது, கிடையாது. நாலு பேர், மாறி மாறி நாலு பேர், நடுவிலிருந்து மில்டன் வில்லியம்ஸ் மட்டும் இரண்டு சாக். மீதி ஏழு பேர் பின்னால் நின்று பந்து போகிற வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

2025-ல் எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் புத்தி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ஜேலன் வாக்கர், ஜேம்ஸ் பியர்ஸ் ஜூனியர் என இரண்டு பேர், கூடவே லியோனார்ட் ஃப்ளாய்ட் ஒரு வருடத்துக்கு 10 மில்லியன் டாலரில். பலன்: 57 சாக், அணியின் வரலாற்றிலேயே அதிகம், பியர்ஸ் 10.5. எல்லாரும் பியர்ஸைப் பற்றித்தான் பேசினார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், 2024-ல் நாலாம் சுற்றில் எடுத்த பிராண்டன் டார்லஸ் நடுவில் என்ன செய்கிறார் என்று. 8.5 சாக் அவர் பெயரில், அது போக, மற்றவர்கள் எடுத்ததில் எத்தனை இவர் திறந்துவிட்ட கதவு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

அப்படியும் 8 வெற்றி, 9 தோல்வி என்றுதான் முடித்தோம். ஏனென்றால் எதிரணி எறிந்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தால்தான் பாஸ் ரஷ்ஷுக்கு வேலை. முதல் துண்டிலேயே ஓடி ஏழு கெஜம் எடுத்துவிட்டால் எதற்கு எறிவான்?

அதனால் இந்த ஆஃப்சீசனுக்கு என் ஆசை, பெரிய பெயர் எதுவும் வேண்டாம். வாங்கவும் முடியாது, பியர்ஸை எடுப்பதற்காக 2026 முதல் சுற்றுத் தேர்வை ராம்ஸ் அணியிடம் கொடுத்தாயிற்று. ஃப்ளாய்ட், எபிகெட்டி என்ற ஓரத்து ஆட்கள் இரண்டு பேர் ஒப்பந்தமும் 2025 பருவத்தோடு சரி, அவர்களோ அவர்கள் மாதிரியோ இரண்டு பேர் பெஞ்சுக்கு வேண்டும், ஆட்டத்துக்கு இருபது துண்டு ஆடினால் போதும், கடைசிப் பகுதியில் புது மூச்சோடு இறங்க. அப்புறம் டார்லஸ் பக்கத்தில் நிற்க ஒரு தடித்த ஆள், சாக்கே எடுக்கவேண்டாம், இரண்டு பேரைத் தன் மேல் இழுத்துவைத்துக்கொண்டு நகராமல் நின்றால் போதும், ஓட்டமும் நிற்கும், டார்லஸுக்கு ஒற்றை ஆளும் கிடைக்கும். இந்த மாதிரி ஆட்கள் சந்தையில் மலிவு, ஏனென்றால் கணக்குப் பலகையில் பெயர் வராது.

சந்தாவுக்குத் திரும்புகிறேன். பயிற்சியாளர் படத்திலும் குறை இருக்கிறது. தேடல் மோசம், "மூன்றாவது துண்டு, எட்டு கெஜம்" என்று தேட வழியில்லை, ஒன்று ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டிவி செயலியில் அந்தப் பகுதியே எனக்குத் தெரியவில்லை, மடிக்கணினியிலிருந்து கம்பி போட்டு இழுத்தேன். மெதுவாக ஓட்டினால் சில நேரம் படம் உறைந்து நிற்கும். ஆட்டம் முடிந்த உடனே வராது, சில நாள் காத்திருக்க வேண்டும். ஒரு வரிசை ஆட்டத்தை ரசிக்கத் தெரியாதவருக்கு, பந்து மட்டும் போதும் என்பவருக்கு, இது ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை. எனக்கு அஞ்சுக்கு மூன்றரை, அந்த மூன்றரையில் இரண்டரை அந்தக் கோல்கம்பத்துக் கோணத்துக்கு.

ஆகஸ்ட் கடைசியில் தானாகப் புதுப்பித்துக் காசு எடுத்துக்கொள்ளும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ரத்து செய்கிற பொத்தானைக் கண்டுபிடிக்கவும் மூன்று தடவை உள்ளே போக வேண்டியிருந்தது. கண்டுபிடித்தேன், அழுத்தவில்லை. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. தாத்தா மட்டும் போன ஞாயிறு மாடிப்படியில் நின்று, "அந்த ஊமைப்படம் இன்னிக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.