மலாக்கா நீரிணைக்கு யார் காவல்?

மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கும் நடுவே ஓடும் மலாக்கா நீரிணை முடியும் இடத்தில், சிங்கப்பூருக்குத் தெற்கே பிலிப்ஸ் கால்வாயில் கடல்வழியின் அகலம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பாரம் ஏற்றிய கப்பல் அங்கே மெதுவாகத்தான் ஊர முடியும். விடியலுக்கு முன் ஒரு சின்னப் படகு பின்பக்கமாக வரும். கொக்கி கட்டிய மூங்கில் கழியை மாட்டி நாலைந்து பேர் ஏறி, இன்ஜின் அறை உதிரிபாகங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எதிரே கத்தியோடு நிற்பவனைப் பார்க்கும் மாலுமிக்கு அது சில்லறைத் திருட்டு இல்லை.

இதைத் தடுக்க 2004இல் மூன்று வழிகள் பேசப்பட்டன. அமெரிக்காவின் பசிபிக் தளபதி தாமஸ் ஃபார்கோ முன்வைத்த கூட்டுத் திட்டம் ஒன்று. பணமும் கப்பலும் அவர்களிடம் தாராளம். ஆனால் மலேசியாவும் இந்தோனேசியாவும் உடனே மறுத்துவிட்டன. சரியான முடிவு என்பேன். வல்லரசின் கப்பல் வாசலுக்கு வந்துவிட்டால், சீனாவின் கப்பலும் பின்னாலேயே வரும்.

இரண்டாவது வழி ரோந்து. அந்த ஜூலையிலேயே இரு நாடுகளும் சிங்கப்பூரோடு சேர்ந்து அதைத் தொடங்கின. 2005இல் வான்வழிக் கண்காணிப்பும் வந்தது. 2008இல் தாய்லாந்து சேர்ந்தது. 2005 ஜூனில் இந்த நீரிணையை ஆபத்துப் பட்டியலில் வைத்த லண்டன் காப்பீட்டுச் சந்தைக் குழு, 2006 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. முழுப் பெருமையும் ரோந்துக்குச் சேராது. நீரிணைக் கரையிலுள்ள இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் பிரிவினைச் சண்டை ஓய்ந்ததும் ஒரு காரணம்.

மூன்றாவது, கடற்கொள்ளைத் தகவல்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள ஜப்பான் முன்னின்று உருவாக்கிய ரீகாப் (ReCAAP) உடன்பாடு. 2006 முதல் சிங்கப்பூரில் அதன் தகவல் மையம் இயங்குகிறது. இந்தியாவும் இலங்கையும் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர்கள். எங்கே, எப்போது, எத்தனை பேர் ஏறினார்கள் என்ற விவரம் அங்கே ஒழுங்காகச் சேர்கிறது. ஆனால் துரத்திப் பிடிக்க அதனிடம் படகு கிடையாது. கரையோர நாடுகளான இந்தோனேசியாவும் மலேசியாவும் இன்றும் உறுப்பினர்களாகச் சேரவில்லை.

மூன்றில் என் ஓட்டு ரோந்துக்குத்தான். கரைக்குச் சொந்தக்காரனே காவலுக்கு நிற்கிறான், அதுதான் அதன் பலம். அதன் ஓட்டையும் அங்கேதான். ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் எல்லைக்குள் மட்டுமே சுற்றுகிறது. திருடன் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால், துரத்தியவர் வயர்லெஸ்ஸில் அடுத்த நாட்டுக்குச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டியதுதான். சில மைல் தூரமாவது உள்ளே போய்ப் பிடிக்க நான்கு நாடுகளும் ஒருவருக்கொருவர் அனுமதி கொடுக்கட்டும். அப்புறம் ஜகார்த்தாவும் கோலாலம்பூரும் ரீகாபில் கையெழுத்துப் போடட்டும்.