முகடு கீழே இறங்கினால்: காரமா, அழுத்தமா?

சிலிக்கா கண்ணாடியின் அகச்சிவப்பு நிறமாலையில் 1100 செ.மீ.⁻¹ அருகே நிற்கும் பெரிய முகடு சிலிக்கான்-ஆக்ஸிஜன்-சிலிக்கான் பாலத்தின் நீட்சி. சோடியம் ஆக்ஸைடு போன்ற கார ஆக்ஸைடு சேர்த்தாலும் அது கீழே இறங்கும். அழுத்தி நிரந்தரமாக அடர்த்தி கூட்டினாலும் இறங்கும். எனவே அதை மட்டும் வைத்துக் காரணம் சொல்லக்கூடாது.

பிரித்துக் காட்டுவது 800 அருகே உள்ள சிறிய முகடு. சோடியம் ஆக்ஸைடின் ஒவ்வொரு அலகும் ஒரு பாலத்தை அறுத்து இரண்டு பாலமிலா ஆக்ஸிஜன்களை (ஒரே சிலிக்கானோடு மட்டும் பிணைந்தவை) விடுகிறது. 900–950 பகுதியில் புது முகடு எழும். 800 சற்றே கீழே போகும். சிலிக்காவில் அழுத்தம் பாலத்தை அறுப்பதில்லை, சராசரியாக 144 பாகை இருக்கும் கோணத்தைக் குறுக்குகிறது. அப்போது 1100 இறங்க, 800 ஏறும். வேகமாகக் குளிர்வித்த சிலிக்காவும் கொஞ்சம் இப்படியே நடந்துகொள்ளும். ஒப்பிடும் இரண்டு மாதிரிகளுக்கும் குளிர்விக்கும் வேகம் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டும் சேரும் இடம்தான் சிக்கல். கார சிலிகேட் உருகலைப் பல ஜிகாபாஸ்கலில் வைத்துக் குளிர்வித்தால், பாலமிலா ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு சில சிலிக்கான்கள் வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்து, ஆறு ஆக்ஸிஜன் அண்டை கொள்கின்றன. காரம் எழுப்பிய முகட்டை அழுத்தம் தேய்க்கிறது. இங்கே அகச்சிவப்பை மட்டும் நம்ப வேண்டாம், சிலிக்கான்-29 என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில்) −150, −200 பி.பி.எம். அருகே தேடுங்கள்.

கார மாதிரியை நீங்களே உருக்க, 20 கிராம் சோடியம் டைசிலிகேட்டுக்கு 11.64 கிராம் சோடியம் கார்பனேட், 13.19 கிராம் சிலிக்கா. இரண்டையும் நன்கு உலர்த்தி எடை போடுங்கள். பிளாட்டினம் மூசையில் மெல்லச் சூடேற்றுங்கள், அவசரப்பட்டால் நுரைத்துப் பொங்கும். அலுமினா மூசை கரைந்து கலவையைக் கெடுக்கும்.

அகச்சிவப்பில் அளப்பதில் பொடியை அழுத்திச் செய்யும் வில்லையா, மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி மேற்பரப்பை அளக்கும் ஏ.டி.ஆரா? வில்லைக்கு 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடில் 1–2 மில்லிகிராம் கண்ணாடி, 13 மி.மீ. அச்சு, 8 டன். அது ஏறத்தாழ 0.6 ஜிகாபாஸ்கல், கண்ணாடியை நிரந்தரமாக நெருக்கப் போதாது. பாலக்காட்டிலோ சித்தூரிலோ இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்துவிட்டால் வில்லை வேர்த்து 3400, 1640-இல் தண்ணீர் காட்டும். புரோமைடை 110 பாகையில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் அரையுங்கள். வைர ஏ.டி.ஆருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் 1000 அருகே ஏறத்தாழ 2 மைக்ரான் ஆழமே பார்க்கும், முகட்டையும் கீழ்நோக்கித் தள்ளும். வில்லையில் எடுத்ததோடு அதை ஒப்பிடக்கூடாது. ஈரக்காற்றில் கிடந்த கார மேற்பரப்பில் 1450 அருகே கார்பனேட் தெரிந்தால் புதிதாக உடைத்த முகத்தை வையுங்கள். மழைக்காலத்திலும் எனக்கு வில்லைதான் சரி, உலர்பெட்டி இருந்தால்.