புற்றுநோய் மெலிவு: ஜிடிஎஃப்-15ஐப் பிடிப்பதா, ஜிஃப்ராலை அடைப்பதா?

புற்றுநோயாளியின் உடல் மெலிவதைத் தடுக்க மருந்து எதைக் குறிவைக்க வேண்டும் என்பதே கேள்வி. ஜிடிஎஃப்-15 ரத்தத்தில் சுற்றும் புரதம். பின்மூளையிலுள்ள ஜிஃப்ரால் ஏற்பியில் அது ஒட்டினால் குமட்டல் வரும், பசி போகும், எடை இறங்கும். இந்த ஜோடி பிடிபட்டதே 2017இல்தான்.

ஏற்பியை அடைப்பதில் ஒரு வசதி: ஜிஃப்ரால் பெரும்பாலும் பின்மூளையின் ஒரு சிறு பகுதியில்தான் இருக்கிறது, அங்கே ரத்த-மூளைத் தடுப்பும் (ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைத் தடுக்கும் அரண்) தளர்வு. ஆனால் அந்த ஏற்பியின் அளவை ரத்தத்தில் பார்த்து நோயாளியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

ஜிடிஎஃப்-15 இங்கேதான் முந்துகிறது. ஒரே புரதம் இலக்காகவும் இருக்கிறது, அளவுகோலாகவும் இருக்கிறது. ஜிடிஎஃப்-15ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தான பொன்செக்ரோமாபின் ஆய்வில் (2024, 187 பேர்) ரத்தத்தில் அந்தப் புரதம் மில்லிலிட்டருக்கு 1500 பிகோகிராமாவது இருந்தவர்களையே சேர்த்தார்கள். நான்கு வாரத்துக்கொரு முறை 400 மி.கி. போட்டவர்களுக்கு, 12 வாரத்தில் மருந்துப்போலிக் குழுவைவிட எடை சுமார் 5.6% கூடியது.

அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மெட்ஃபார்மின், கர்ப்பம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாமே அதை ஏற்றிவிடும். இன்னொரு சிக்கல், ஜிடிஎஃப்-15 மரபணுவில் வரும் எச்202டி மாற்றம்: அது உள்ளவர்களிடம் சில பரிசோதனை கிட்களின் ஆன்டிபாடி சரியாக ஒட்டாது, அளவு குறைத்துக் காட்டும். கிட் வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள். இன்றைய நிலையில் என் ஓட்டு ஜிடிஎஃப்-15க்கே.