கடற்படைத் தளபதியின் குலவரலாறு தேட ஒரு நல்ல இலவசச் சேவை

1588-இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவை எதிர்கொண்ட ஆங்கிலக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய எஃபிங்ஹாம் பிரபு சார்லஸ் ஹோவார்டின் குடும்பத்தை அறிய விரும்புவோருக்கு, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வரலாற்றைத் தொகுக்கும் ‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ அமைப்பு இணையத்தில் இலவசமாக வழங்கும் வாழ்க்கைக் குறிப்புகளையே முதலில் பரிந்துரைப்பேன். 1573-இல் தந்தையின் பரோன் என்ற பிரபுப் பட்டம் கிடைக்கும் முன் அவர் சரே மாவட்டத்தின் சார்பில் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் இருந்தார் என்பதால், அத்தொகுப்பின் 1558 முதல் 1603 வரையிலான பகுதியில் அவருக்குத் தனிக் குறிப்பு உண்டு.

குறிப்பின் தலைப்பகுதிதான் இச்சேவையின் உயிர்நாடி. பெற்றோர், இரண்டு திருமணங்கள், பிள்ளைகள், பட்டங்கள் ஆகிய அனைத்தும் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்து வகித்த பதவிகளின் பட்டியலும், அதன்பின் வாழ்க்கை வரலாறும், ஆதாரக் குறிப்புகளும் வருகின்றன. சுருக்கெழுத்துகள் பழகச் சற்று நேரம் பிடிக்கும்.

ஆனால், காமன்ஸ் சபையில் அமராதவர்களுக்கு இந்தக் காலப்பகுதியில் தனிக் குறிப்பு கிடையாது என்பது குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பெரிய குறை. ஏனெனில் ஹோவார்ட் குடும்பத்தின் கதை பெரிதும் அப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கிறது. சார்லஸின் பாட்டனார், 1513-இல் ஸ்காட்லாந்துப் படைக்கு எதிரான ஃபிளாடன் போரில் வென்ற தாமஸ் ஹோவார்ட். அவருடைய மகன் எட்வர்ட் கடற்படையின் தலைமைப் பதவியான அட்மிரல் பதவியில் இருந்தபோதே அதே ஆண்டு பிரெஞ்சுத் துறைமுகமான பிரெஸ்ட் அருகே பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்கி உயிரிழக்க, பதவி அவருடைய அண்ணன் தாமஸுக்குப் போயிற்று. பின்னர் மேரி அரசியின் காலத்தில், அவர்களுடைய மாற்றாந்தாய் மகனும் சார்லஸின் தந்தையுமான வில்லியம் அதே பதவியை ஏற்றார். 1585-இல் அது சார்லஸிடம் வந்தது. வாரிசுரிமையாக வராமல் ஆட்சியாளரே விரும்பி வழங்கும் ஒரு பதவி, இரண்டு தலைமுறைகளில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வரிடம் இருந்திருக்கிறது என்பதே இக்குலவரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

பெண்வழி உறவுகளையும் வாசகர்தாம் கோத்துப் பார்க்க வேண்டும். சார்லஸின் அத்தை எலிசபெத்தின் மகள்களே ஆன் பொலினும் மேரி பொலினும். எட்டாம் ஹென்றி மன்னரை மணந்த ஆன் பெற்ற மகள் எலிசபெத் அரசி. மேரியின் பேத்தி கேத்தரின் கேரியைத்தான் சார்லஸ் மணந்தார். அரசிக்கு சார்லஸ் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது இந்தக் கண்ணிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

சார்லஸின் குறிப்போடு நிறுத்திவிடாமல், காமன்ஸ் சபையில் இருந்த அவருடைய மகன்களின் குறிப்புகளையும், முக்கியமாக சார்லஸின் தம்பி வில்லியமின் குறிப்பையும் படிப்பது நல்லது. சார்லஸ் பெற்ற நாட்டிங்ஹாம் ஏர்ல் பட்டம் 1681-இல் வாரிசின்றி முடிந்தபோது, எஃபிங்ஹாம் பரோன் பட்டம் இந்தத் தம்பியின் வழித்தோன்றலுக்கே சென்றது.