மழைக்கு டிஷ் சிக்னல் போச்சுன்னா கூகுள்ல நம்பர் தேடி ஆளைக் கூப்பிடாதீங்க – பெரியப்பா வீட்டுல நடந்தது

டெல்டா பக்கம் இருக்குற எல்லாரும் தயவுசெஞ்சு இதைப் படிங்க, முக்கியமா அப்பா அம்மாவை ஊர்ல தனியா விட்டுட்டு வெளியூர்ல வேலை பாக்குறவங்க. ஐப்பசி கார்த்திகை மழையில டிவியில சிக்னல் இல்லைன்னு வந்தா, கூகுள்ல கஸ்டமர் கேர்னு தேடி முதல்ல வர்ற நம்பருக்கு போன் போடாதீங்க. எங்க பெரியப்பா வீட்டுல அப்படித்தான் 3,500 ரூபாயும் போச்சு, நல்லா ஓடிக்கிட்டிருந்த செட்டாப் பாக்ஸும் போச்சு.

ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, வீட்டுல அவரும் பெரியம்மாவும் மட்டும்தான். சம்பா நட்டு முடிச்ச நேரம், வயல்ல தண்ணி நின்னா இளம்பயிர் அழுகிடும், அதனால வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் எங்க நிக்குது, நாகப்பட்டினத்துக்கு வருதா மேல ஏறிப் போகுதான்னு காலையிலயும் ராத்திரியும் செய்தி பாத்தே ஆகணும் அவருக்கு. முதல்ல சில சேனல் மட்டும் வரல, அப்புறம் ஒரு நாள் மழை விட்டும் மொத்தமா போயிடுச்சு. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல தேடி ஒரு நம்பர் எடுத்துக் குடுத்திருக்கான். பேசுனவன் கம்பெனிக்காரன் மாதிரியே பேசி அன்னைக்கே ஆள் அனுப்பிட்டான்.

வந்தவன் மாடிக்கு ஏறி இறங்கி, "ஐயா, சாட்டிலைட்டையே மாத்திட்டாங்க, உங்க எல்என்பி பழசு, இனிமே எடுக்காது, பாக்ஸ்லயும் போர்டு போயிடுச்சு"ன்னு சொல்லியிருக்கான். எல்என்பின்னா டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பியில நிக்குற, சிக்னலைப் புடிக்கிற சின்ன டப்பா. பெரியம்மா கேட்டிருக்காங்க, "ஏந்தம்பி, பக்கத்து வீட்டுலயும் இதே கம்பெனிதான், அங்க தெரியுதே"ன்னு. அவங்க புது எல்என்பி போட்டிருக்காங்கம்மான்னு வாய்கூசாம சொல்லிட்டான். வந்து பாத்ததுக்கு 500, எல்என்பிக்கு 1,200, பாக்ஸ் எக்ஸ்சேஞ்சுக்கு 1,800, எல்லாம் கையில காசா வாங்கிட்டு பில்லு கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல வரும்னு சொல்லிட்டு பழைய பாக்ஸையும் எடுத்துட்டுப் போயிட்டான். பெரியம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி தெரியுமா. சாட்டிலைட் மாறியிருந்தா அந்தக் கம்பெனி டிஷ் வச்சிருக்குற தெருவே இருண்டிருக்கும், ஒரு வீட்டுக்கு மட்டும் சாட்டிலைட் மாறாது.

அடுத்த மழையிலயே மறுபடி போச்சு. தீபாவளிக்கு நான் போனப்ப வெயில் அடிச்சு தளம் காஞ்சதும் மேல ஏறிப் பாத்தேன், பாத்ததும் வயிறு எரிஞ்சிடுச்சு. புதுசுன்னு 1,200 வாங்கின எல்என்பி யாரு வீட்டுலயோ கழட்டுனது, ஸ்டிக்கரைச் சுரண்டியிருக்கு, முன்னாடி இருக்குற பிளாஸ்டிக் மூடி வெயில்ல வெடிச்சிருக்கு. கடையில புதுசே முன்னூறு நானூறு ரூபாக்குள்ள கிடைக்குது. வயரு அதே பழைய வயரு, நடுவுல வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருக்கான். எல்என்பியில மாட்டுற கனெக்டரைத் திருகினா உள்ளேர்ந்து தண்ணி சொட்டுது, செம்புக் கம்பி பச்சை பூத்துப் போயிருக்கு. ஆரம்பத்துலேர்ந்து இருந்த கோளாறு இது ஒண்ணுதான், அவன் அதைச் சரி பண்ணவே இல்ல.

சில சேனல் மட்டும் போனதுக்கும் இதுதான் காரணம். செட்டாப் பாக்ஸ்தான் அந்த வயர் வழியா எல்என்பிக்கு கரண்ட் அனுப்புது, 13 வோல்ட் போனா ஒரு பாதி சேனல், 18 வோல்ட் போனா இன்னொரு பாதி. கனெக்டர் துருப்பிடிச்சு ஈரம் ஏறுச்சுன்னா அந்த 18 முழுசா போய்ச் சேராது, அந்தப் பாதி சேனல் மட்டும் காணாமப் போயிடும், இது தெரியாதவங்ககிட்ட சேனல் பேக் மாத்தணும் பாக்ஸ் மாத்தணும்னு காசு கறக்குறாங்க. கடலோரம் இருக்குறவங்களுக்கு, வேதாரண்யம் கோடியக்கரை பக்கம்லாம், உப்புக்காத்துல இந்தத் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

நான் செஞ்சது இவ்வளவுதான். முதல்ல பாக்ஸை ஆஃப் பண்ணி பிளக்கைப் புடுங்கினேன், ஏன்னா கரண்ட் இருக்கும்போது வயரோட நடுக்கம்பி அதைச் சுத்தியிருக்குற கம்பி வலையில பட்டுச்சுன்னா பாக்ஸே போயிடலாம். கறுத்துப் போன வயரை நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு, ஒட்டுப் போட்ட இடத்தையும் எடுத்துட்டு, திருத்துறைப்பூண்டி கடையில வாங்கின புதுக் கனெக்டர் மாட்டி, மேல ரப்பர் டேப் இறுக்கி சுத்தி, வயரை எல்என்பிக்குக் கீழ ஒரு வளையமா தொங்கவிட்டு கட்டுனேன், மழைத்தண்ணி வயரைப் புடிச்சு கனெக்டருக்குள்ள போகாம அந்த வளைவுல சொட்டிடும். இருபது ரூபா கனெக்டர். டிவியில சிக்னல் குவாலிட்டி காட்டுற பார் கிடுகிடுன்னு ஏறுச்சு.

உங்க வீட்டுல போனா முதல்ல மழை விடுற வரைக்கும் பொறுங்க. நம்ம டிஷ்ஷுக்கு வர்ற கேயூ பேண்ட்ங்கிற அலைவரிசை சிக்னல் அடர்மழையில குறையத்தான் செய்யும், எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, மழை குறைஞ்சா தானா வந்துடும். வரலைன்னா ரிமோட்ல மெனுவுக்குப் போயி சிக்னல் பக்கத்தைப் பாருங்க, ஸ்ட்ரென்த் குவாலிட்டின்னு ரெண்டு இருக்கும். ரெண்டுமே சைபர்னா பெரும்பாலும் வயர், கனெக்டர், இல்ல எல்என்பி. ஸ்ட்ரென்த் இருந்து குவாலிட்டி மட்டும் இல்லைன்னா டிஷ் அசைஞ்சிருக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப நம்ம பக்கம் டிஷ்ஷெல்லாம் திரும்பி நின்னது ஞாபகம் இருக்குமே. சாட்டிலைட் பூமிக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர்ல இருக்கு, இங்க டிஷ் ரெண்டு டிகிரி நகர்ந்தாலே தடுமாறும். டிடி ஃப்ரீ டிஷ் வச்சிருக்குறவங்களுக்கு ஜிசாட்-15 சாட்டிலைட், 93.5 டிகிரி கிழக்கு, நம்ம ஊர்லேர்ந்து தென்கிழக்குல நல்ல உசரத்துல பாக்கணும், அந்தப் பக்கம் தென்னை மட்டை வளர்ந்து மறைக்குதான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க. சிக்னலைப் பெருசாக்குற பூஸ்டர் போட்டா சரியாகும்னு ஒருத்தன் சொன்னா நம்பாதீங்க, அது நீள வயருக்கு உதவும், கெட்டுப்போன சிக்னலை அதோட இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். ஈரத்தளத்துலயும் கரண்ட் கம்பி பக்கத்துலயும் பெரியவங்க யாரும் ஏறாதீங்க, அதுக்கு நல்ல மெக்கானிக் இருக்காங்க, நேர்மையா வேலை பாக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க.

இதோட முடியல. சிக்னல் சரியாயி கொஞ்ச நாள்ல சேனல் எல்லாம் நின்னுபோச்சு. பெரியப்பா பேருல ரீசார்ஜ் இருக்கு, ஆனா ஓடல. உண்மையான கம்பெனி நம்பருக்கு, ஆப்புல இருக்குறது, பேசினா அந்தப் பாக்ஸ் வேற யாரோ ஒருத்தர் பேருல, வேற மாவட்டத்துல பதிவாகியிருக்கு, அவங்க பேக் முடிஞ்சதும் நின்னுடுச்சு. அப்ப அதுவும் எவங்கிட்டயோ இதே மாதிரி தூக்கிட்டு வந்ததாத்தான் இருக்கணும். உங்க பாக்ஸ் அடியில இருக்குற நம்பரையும் கார்டு நம்பரையும் இன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க, எவன் வந்தாலும் பில் இல்லாம பாக்ஸை வாசல் தாண்ட விடாதீங்க, கழட்டுன பழைய எல்என்பியையும் கேட்டு வாங்கி வைங்க.

பழைய பாக்ஸை பிளாக் பண்ணச் சொல்லி கம்பெனிக்கு எழுதியாச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுத்து ரசீது வாங்கியிருக்கோம், 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சிருக்கோம். கூகுள்ல எடுத்த அந்த நம்பர் இப்ப சுவிட்ச் ஆஃப். முத்துப்பேட்டை, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் யாருக்காவது இதே மாதிரி பாக்ஸை மாத்திட்டுப் போயிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எல்லார் புகாரையும் சேர்த்துக் குடுக்கலாம்னு இருக்கோம்.