ஏற்றத்தில் கொதிக்கும் லொறி: பெரிய றேடியேற்றரா, விசிறிக் கிளச்சா?

யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை வரை ஏ9 வீதியில் ரெயிலரை இழுத்துக்கொண்டு வெப்பமானி ஊசி அசையாமல் வந்த லொறி, கம்பளையைத் தாண்டி றம்பொடை ஏற்றத்தில் கொதித்துவிட்டால், கோளாறு அங்கே பிறந்ததல்ல. எங்கள் சமதரை அதை அதுவரை மறைத்து வைத்திருந்தது. ஊர் திரும்பியதும் கராஜில் முதலில் சொல்லப்படுவது, தடித்த கோர் (நீர் ஓடும் குழாய்த் தொகுதி) உள்ள பெரிய றேடியேற்றரைப் போடுங்கள் என்பதுதான். அது செலவு கூடிய வழி. பல வேளைகளில் தேவையற்ற வழியும்கூட.

சரக்கோடு 10 தொன் எடையை, 100 மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக, எடையை உயர்த்துவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 49 கிலோவாற் வலு வேண்டும். எஞ்சின் அந்த வலுவைத் தரும்போது பெருமளவு வெப்பம் குளிர்நீரில் இறங்குகிறது. ஆனால் அந்த வேகத்தில் எதிர்க்காற்று போதாது, ஆகவே விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சியை விசிறிக்குக் கடத்தும் விசிறிக் கிளச்சுக்குள் உள்ள சிலிக்கோன் எண்ணெய் கசிந்திருந்தால் விசிறி வழுக்கிச் சுழலும். அப்போது தடித்த கோர் காற்றுக்குக் கூடுதல் தடையாக நிற்குமேயன்றி, கொதிப்பைச் சிறிது நேரம் தள்ளிப்போடுவதற்கு மேல் உதவாது. சூடான எஞ்சினை நிறுத்தியபின் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது அது தளர்வாகப் பல சுற்று ஓடினால், கிளச்சையே சந்தேகிக்க வேண்டும். மின்விசிறி காருக்குப் பொருந்தும். இந்தச் சுமைக்கு நான் அதை நம்பமாட்டேன்.

கிணற்றுநீரா, கூலன்ற்றா என்ற வாதத்தில், தண்ணீர்தான் நன்றாகக் குளிர்த்தும் என்று சொல்லும் சாரதி முழுவதும் பிழையானவர் அல்லர். சுத்தமான நீர், கூலன்ற் எனப்படும் கிளைக்கோல் கலவையைவிடக் கூடுதல் வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வரும் எங்கள் கிணற்றுநீர், கேத்திலின் அடியில் படிவதைப் போலவே றேடியேற்றர் குழாய்களிலும் படியும். அதே நீரை ஊற்றினால் புதிய றேடியேற்றரும் அதே கதிக்கு ஆளாகும். வடித்த நீரில் கலந்த கூலன்ற் படிவையும் துருவையும் தடுப்பதால், நான் அதன் பக்கமே நிற்பேன்.

இவற்றுக்கெல்லாம் முன், விலை குறைந்த றேடியேற்றர் மூடியைப் பாருங்கள். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் திறந்த நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கொதிநிலையை உயர்த்திவைப்பது மூடியின் சுருள்வில் தாங்கும் அழுத்தமே. செலவே இல்லாத இன்னொரு வழி, ஊசி ஏறுவதற்கு முன்பே கியரைக் குறைப்பது: எஞ்சின் சுற்று கூட, விசிறியும் நீர்ப்பம்பும் சேர்ந்தே வேகமெடுக்கும். உயர் கியரில் முக்கிக்கொண்டு ஏறுபவருக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. எஞ்சின் சூடாகும்வரை நீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் எஞ்சினைச் சமதரையில் குளிராக ஓடவைத்துத் தேய்மானத்தைக் கூட்டும்.

விசிறிக் கிளச் சரியாகப் பிடித்து, குழாய்கள் சுத்தமாகி, மூடியும் அழுத்தம் தாங்கியபின்னும் கொதித்தால் பெரிய றேடியேற்றரைப் போடலாம். ஆனால் ரெயிலரின் எடை, லொறிக்கு அனுமதிக்கப்பட்ட இழுவை எடையை மீறுகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அதே றம்பொடையில் கீழிறங்கும்போது அந்த எடையைப் பிடிக்க வேண்டியது பிறேக்.