ரெண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு பென்ஸ், கூடவே ஒரு படி மணல்

பஞ்சர் ஒட்டத்தான் ஜாக்கியை வைத்தேன். இந்த பென்ஸில் ஜாக்கியை அடியில் வைக்க முடியாது. கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு வட்ட மூடி இருக்கும், அதைக் கழற்றி ஓட்டைக்குள் ஜாக்கியின் கையை நுழைத்துச் சுற்ற வேண்டும். சுற்றினேன். வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி உள்ளே போனது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால் கொட்டியது முதலில் துரு இல்லை, மணல். சிப்பித் துண்டோடு, ஈரம்கூடக் காயாத மணல். என் மாமனார் வேப்பமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு கை அள்ளி விரலால் தேய்த்தார். "மாப்ளே, இது நம்ம கரை மண்ணு இல்ல. ஆனா ஏதோ ஒரு கரை மண்ணு."

விற்ற புரோக்கர் என்னிடம் சொன்னது: "கோயம்புத்தூர் வண்டி சார், உப்புக்காத்தே பட்டதில்ல."

நான் பாம்பனில் போட் எஞ்சின் மெக்கானிக். விசைப்படகில் போடுகிற லேலண்ட் எஞ்சின்தான் 27 வருஷச் சோறு. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஊரில் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், நான்தான் தூங்க மாட்டேன். எல்லாப் படகும் அப்போதுதான் எஞ்சினைப் பிரிக்கும். 2023-இல் தடைக்காலக் கூலி மொத்தமும் கைக்கு வந்த வாரம், வீட்டில் சொல்லாமல் மதுரைக்கு பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது 1996 மாடல் மெர்சிடிஸ் இ 250 டி. கம்பெனிக் கணக்கில் டபிள்யூ 124. ஜெர்மனியில் 1984 கடைசியில் வந்த உடம்பு, இந்தியாவில் 1995-இல் புனேயில் பென்ஸ்காரர்கள் கார் கட்ட ஆரம்பித்தபோது முதலில் கட்டியதும் இதைத்தான்.

ஏன் இது என்று கேட்டால், இருபது வயதில் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி முதலாளி வீட்டுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனேன். அவர் இறங்கி இந்தக் காரின் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் இல்லை. "அந்தச் சத்தத்துக்கா ரெண்டு நாப்பது குடுத்தீங்க?" என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறாள்.

வாங்கும்போது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எஞ்சின் தெரியும், அதனால் எஞ்சினைத்தான் பார்த்தேன். அதிகாலையில் போய், ஆறிக் கிடந்த எஞ்சினில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து வைத்து, புகை அடிக்கிறதா, மூடி துள்ளுகிறதா பார்த்தேன். ஒரு துளி குறை இல்லை. அஞ்சு சிலிண்டர், 20 வால்வு, 2,497 சிசி, டர்போ கிடையாது, டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். போனட்டை இன்னொரு கொக்கியில் மாட்டினால் 90 டிகிரிக்கு நேராக நிற்கும், உள்ளே ஆளே இறங்கி வேலை பார்க்கலாம். எஞ்சினைத் தொடுகிறவனுக்காகக் கட்டிய வண்டி என்று கண் கலங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

என் மாமனார் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று வல்லம் கட்டிய கை. நொறுங்கிய தகட்டைப் பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை. "வள்ளம் வாங்கப் போனா கரையில ஏத்திக் கவுத்துப் போட்டு ஏராவைத்தான முதல்ல பாப்பீக? மிசினு அப்புறம்தான?" என்று மட்டும் கேட்டார். ஏரா என்றால் படகின் அடிக்கட்டை. திட்டியிருக்கலாம்.

ஆக, இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர் எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். 1989-க்குப் பிறகு வந்த டபிள்யூ 124 எல்லாவற்றிலும் கதவின் கீழ்ப்பாதியில் பிளாஸ்டிக் பலகை உண்டு. வடிவமைத்த புரூனோ சாக்கோ பெயரால் சாக்கோ பலகை என்பார்கள். அழகுதான். ஆனால் பின்னால் சேறும் மணலும் தங்கினால் வெளியே தெரியாது, தகடு அமைதியாகத் தின்னப்படும். ஜாக்கி ஓட்டை நான்கையும் மூடி கழற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். விற்கிறவர் முகம் மாறினால் பரவாயில்லை. முன் ஃபெண்டரின் அடி மூலை, பின் சக்கர வளைவு, பேட்டரித் தட்டின் கீழ், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பின் ஆக்சில் சட்டம் உடம்பில் மாட்டுகிற இடம். இவ்வளவும் பார்த்த பிறகு சாவியைக் கேளுங்கள்.

என் வண்டியில் நாலு ஜாக்கி ஓட்டையில் மூன்று போயிருந்தது. பரமக்குடியில் ஒரு டிங்கர் பட்டறையில் கொடுத்தேன். அங்கே நல்ல வேலை: அழுகின இடத்தில் பட்டி அப்பாமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, உள்பக்கமும் பிரைமர் ஓட்டினார்கள். ஒன்பது வாரம். பெயிண்டோடு 92,000. அவசரப்படுத்தினால் பட்டிதான் வரும் என்று முதல் நாளே சொன்னார்கள், அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காத கதை ஏ.சி. கூலிங் இல்லை. ஒரு ஏ.சி. கடையில் கேஸ் அடித்தார்கள், பத்து நாளில் போனது. திரும்ப அடித்தார்கள், திரும்பப் போனது. மூன்றாம் தடவை "கம்ப்ரஸர் மாத்தணும்" என்றார்கள். 11,000 அங்கே கரைந்தது. டபிள்யூ 124-இல் பழகினவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது எவாப்பரேட்டர், காற்றைக் குளிர வைக்கிற பாகம். டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும், ஒழுகினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினால்தான் கை எட்டும். அதனால்தான் கடைகள் வேறு எதையாவது மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் நானே நாலு நாள் கடைக்கு லீவு போட்டுப் பிரித்தேன். எந்த ஸ்க்ரூ எந்த இடம் என்று மீன் பெட்டி அட்டையில் படம் வரைந்து குத்தி வைத்துக்கொண்டேன். பொருளும் கேஸும் சேர்த்து 58,000. மே மாதப் பகல் ஒரு மணிக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அந்தக் காசு வலிக்கவில்லை.

எஞ்சின் பக்கம் எனக்கு விளையாட்டுதான். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. இந்த எஞ்சினில் டீசல் போகும் சின்னக் குழாய்கள் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். டார்ச் அடித்தால் உள்ளே குமிழி ஓடுவது தெரியும். படகில் ஏர் எடுத்தால் தடவித் தடவித் தேடுகிறோம், இங்கே ஜன்னல் வைத்தே கொடுத்திருக்கிறான். நுனியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தது. குழாய், வளையம், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன், தீர்ந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக்கில் மட்டும் கையை அடக்குங்கள். வருஷக்கணக்கில் கழற்றாதது தலையோடு முறியும். எஞ்சினைச் சூடாக்கி, ரெண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, நாலைக் கழற்றினேன். அஞ்சாவது அசையவில்லை. அது அப்படியே இருக்கட்டும், நம் ஊரில் என்ன பனியா பெய்கிறது.

ஒரு நாள் பெட்ரோல் பங்கில் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துவிட்டேன், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. பங்குப் பையன் ரெண்டு அடி பின்னால் போய்விட்டான். இந்த எஞ்சினை நிறுத்துவது வேக்குவம், ரப்பர் குழாய் வழியே காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. அந்தக் குழாய் எங்காவது வெடித்தால் சாவிக்குக் கட்டுப்படாது. போனட்டைத் தூக்கி பம்ப் மேலிருக்கும் ஸ்டாப் லிவரை அமுக்கினேன், நின்றது. படகில் தினமும் செய்கிற வேலை. போன குழாய் விரல் நீளம், 40 ரூபாய்.

இதே உடம்பில் பெட்ரோல் இ 220 கொஞ்சம் மலிவாகவே கிடைத்தது. வேண்டாம் என்றேன். 1993-இல் இருந்து 95 வரை வந்த பென்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் வயர் மேல் உறை மக்கிப்போகிற வகை. தொட்டால் பொடியாக உதிரும். உப்புக்காற்றும் அம்மண வயரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாமான் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கும். ராமநாதபுரத்தில் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவுக் கைப்பிடி, விளக்கு, சீட் மோட்டார் கிடைக்கிறது. பால் ஜாயிண்ட், புஷ், புரொபெல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க், எஞ்சின் மவுண்ட் எல்லாம் புதிதாகவே வாங்கினேன், 64,000. ரப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள், பழைய ரப்பரும் 28 வயசு ரப்பர்தான். டயர் மட்டும் நிம்மதி, 195/65 ஆர் 15 எந்த ஊரிலும் உண்டு. சில்லறையெல்லாம் சேர்த்து வண்டிக்கு மேல் கிட்டத்தட்ட 2,80,000. அதாவது வாங்கின விலையை விட அதிகம். புரோக்கர் ரெண்டு நாற்பதுக்கு எனக்குப் பாதிக் கார்தான் விற்றிருக்கிறார்.

ஓட்டினால்? மதுரைக்குக் கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். இறங்கினால் இடுப்பு நான் இருக்கிறேன் என்று சொல்வதில்லை. பரமக்குடி தாண்டி ரோடு ஒட்டுப்போட்ட இடத்தில்கூடச் சத்தம்தான் உள்ளே வரும், அடி வராது. 113 குதிரைச் சக்தி இந்த எடைக்குக் குறைவு. முந்தும்போது யோசித்து முந்த வேண்டும். என் கணக்கில் லிட்டருக்கு 13. ஐப்பசி மழையில் ஒற்றை வைப்பர் வேடிக்கை காட்டும்: வீசும்போதே கை நீண்டு சுருங்கி மூலையைத் தொட்டுவிட்டு வரும், கண்ணாடியில் 86 சதவீதம் துடைத்துவிடும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் குறுக்குக் காற்று தள்ளும்போது சின்னக் கார்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகும், இது நடுவீட்டுப் பெட்டி மாதிரி அசையாது.

துருதான் இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்கிற துருத் தடுப்புப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள், அதே காற்றில்தான் என் வண்டியும் நிற்கிறது. உப்பு சும்மா ஒட்டி இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். கழுவினால் போகும், ஆனால் எதில் கழுவுவது? எங்கள் போர்த் தண்ணீரே உப்பு. காவிரிக் குடிநீரில் கார் கழுவினால் வீட்டில் அடி விழும். அதனால் பரமக்குடி, மதுரை போகும்போதெல்லாம் வாட்டர் சர்வீஸில் விட்டு அடியை மட்டும் அடிக்கச் சொல்கிறேன். மேலே அழுக்கு இருந்தால் இருக்கட்டும். மழை பெய்தால் வண்டியை ஷெட்டில் இருந்து வெளியே எடுத்து நிறுத்துவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். தனுஷ்கோடியின் கடல் முனையான அரிச்சல்முனைக்கு 2017-இல் ரோடு வந்ததில் இருந்து விருந்தாளிகள் எல்லோரும் கேட்பது அங்கேதான். ஒரு தடவை கூட்டிப்போனேன். இப்போது வேனில் போகச் சொல்லிவிடுகிறேன்.

கடையில் வேலை பார்க்கிற தம்பி, படகுக்கு அடிக்கிற ஜிங்க் கட்டையைக் காருக்கும் அடித்தால் என்ன என்று கேட்டான். நல்ல கேள்வி. படகு தண்ணீரிலேயே கிடக்கிறது, தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் கடல்நீர்தான் கம்பி, அதனால் இரும்புக்குப் பதில் ஜிங்க் கரைகிறது. கார் காற்றில் நிற்கிறது. கட்டை சும்மா தொங்கும்.

பேப்பர் விஷயம்: ஆர்.சி. 2026 வரை இருந்தது. 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். எஃப்.சி., பசுமை வரி தனி. விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள், நான் பேசவில்லை.

வெல்டிங் முடிந்து வந்த வண்டியில், கதவுக்கடித் தகட்டுக்குள் வெற்றாக இருக்கும் உள்பெட்டிக்கு நான் மெழுகு ஸ்ப்ரே வாங்கி வைத்திருந்தேன். மாமனார் ஒப்பவில்லை. மீன் எண்ணெயைக் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டார். "அறுவது வருசமா கடல்ல கெடந்த பலகைக்குப் போட்டது, ஒங்க தகரத்துக்கு ஆகாதா?" கடைசியில் பேசி முடித்தோம்: வலது பக்கம் என் ஸ்ப்ரே, இடது பக்கம் அவர் எண்ணெய். ரெண்டு வாடைக்காலம் போய்விட்டது. போன மாதம் மூடிகளைக் கழற்றிக் குத்திப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் கல் மாதிரி இருக்கிறது, யார் ஜெயித்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் தெருப் பூனைகள் எல்லாம் இடது பக்கத்தில்தான் படுக்கின்றன.